சேருவதெல்லாம் தகுமா? வாகனத்தின் பிரேக்கும் நம்மிடமுள்ள அமானிதமும்





சென்னைப் புதுப்பேட்டையின் பழைய வாகன உதிரிபாகக் கடைகளில் நாள்தோறும் ஒலிக்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த மாடலின் டிஸ்க் பிரேக் என் வண்டிக்குச் சேருமா?" கடைக்காரர் போல்ட் துளைகளை எண்ணுகிறார், விட்டத்தை அளக்கிறார், "சேரும்" என்கிறார். விலை பேசி முடிகிறது. மாலைக்குள் ஏதேனும் ஒரு பட்டறையில் அது வண்டியில் ஏறிவிடுகிறது. கேட்டவரும் விற்றவரும் பொருத்தியவரும் பல வேளைகளில் நம் சமுதாயத்தைச் சார்ந்தவர்களாகவே இருக்கிறார்கள்.

உண்ணும் இறைச்சி முறைப்படி அறுக்கப்பட்டதா, வாங்கும் தவணையில் வட்டி கலந்திருக்கிறதா என்றெல்லாம் ஆலிம்களிடம் துருவித் துருவிக் கேட்கும் நாம், இந்தக் கேள்வியை மட்டும் பட்டறையோடு முடித்துக்கொள்கிறோம். இரும்பும் போல்ட்டும் சார்ந்த விவகாரத்தில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்று எண்ணிவிடுகிறோம். அவ்வாறு எண்ணுவது சரியன்று என்பதே நமது நிலைப்பாடு. வண்டியின் மற்ற உறுப்புகள் பழுதுபட்டால் வண்டி நின்றுவிடும். பிரேக் பழுதுபட்டால் வண்டி நிற்காது. இந்த வேறுபாட்டுக்குள்தான் பிறருடைய உயிர் அடங்கியிருக்கிறது. ஆகவே, சேருமா என்று கேட்பதோடு, தகுமா என்றும் கேட்டாக வேண்டும். முதல் கேள்விக்கு அளவுகோல் விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு அறிவும் அச்சமும் சேர்ந்துதான் விடை சொல்ல முடியும்.

எண்ணம் நல்லதே

பிரேக்கை மேம்படுத்த நினைப்பவரை நாம் குறைகூற வரவில்லை. வண்டியின் வேகத்தைக் கூட்டவும், புகைக்குழலின் ஓசையைப் பெருக்கவும் பணத்தைக் கொட்டுவோர் மலிந்த காலம் இது. அவர்களுக்கிடையே, தன் வண்டி விரைந்து நிற்க வேண்டும் என்று கவலைப்படுபவர் மேலானவர்.

அவர்களின் கவலைக்கு நியாயமும் உண்டு. மஹிந்திராவின் பழைய ஜீப்புகள் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடன் வந்தவை. ஓடையில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் நீர் புகுந்து பிடிப்புக் குறைந்துவிடும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் மிதி கீழே போகும். வண்டியோ போய்க்கொண்டே இருக்கும். அத்தகைய ஜீப்பின் முன்சக்கரங்களுக்கு அதே நிறுவனத்தின் பொலிரோவிலிருந்து டிஸ்க் பிரேக்கை எடுத்துப் பொருத்துவது ஜீப் வைத்திருப்போரிடையே நெடுநாள் வழக்கம்.

கார்களிலும் இதே நிலைதான். 2017ஆம் ஆண்டில் மாருதி சுசூகி வெளியிட்ட பலேனோ ஆர்.எஸ். என்னும் கார் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்குடன் வந்தது. அதன் உடன்பிறப்பான சாதாரண பலேனோவிலோ பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்தான். உருவம் ஒன்று, நிறுவனம் ஒன்று. பின் ஏன் அதிலுள்ளது இதில் இருக்கக்கூடாது என்ற ஆசை பிறப்பது இயல்பு. பலேனோ ஆர்.எஸ்.-இன் பின்பக்க டிஸ்குகளைச் சாதாரண பலேனோவிலும் ஸ்விஃப்ட்டிலும் பொருத்திக்கொண்டோர் நாடெங்கும் இருக்கிறார்கள்.

செலவைக் குறைக்கத்தானே நிறுவனங்கள் டிரம் பிரேக்கை வைக்கின்றன என்று சிலர் வாதிடுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. டிரம்மின் விலை குறைவு. கைப்பிரேக்கை அதோடு இணைப்பதும் எளிது. ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை முன்சக்கரங்களே செய்கின்றன. பின்சக்கரங்களுக்கு எஞ்சும் சிறு பங்குக்கு டிரம் பல வண்டிகளில் போதுமானதாகவே இருக்கிறது.

பிரேக் செய்யும் வேலை என்ன?

நல்ல எண்ணம் மட்டும் ஒரு செயலை நல்லதாக்கிவிடாது. அறிவும் உடன் வரவேண்டும். எனவே இந்தக் கருவியின் வேலையைச் சற்று விளங்கிக்கொள்வோம்.

ஓடும் வண்டியின் ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியேற்றுவதே பிரேக்கின் பணி. 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதனிடம் ஏறத்தாழ 3,86,000 ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும். ஒரே ஒரு முறை பிரேக் மிதிப்பதில் இவ்வளவும் நான்கு டிஸ்குகளிலும் டிரம்களிலும் இறங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் மறந்துவிடலாகாது. 50 கி.மீ. வேகத்தில் நன்றாகப் பிடிக்கிறது என்று நாம் மெச்சும் பிரேக், 100 கி.மீ. வேகத்தில் நான்கு மடங்கு வேலை செய்தாக வேண்டும்.

ஆனால் வண்டியை இறுதியில் நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்பு. வறண்ட தார்ச்சாலையில் நல்ல டயரின் உராய்வுக் கெழுவை 0.8 என்று கொண்டால், 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 49 மீட்டர் தேவைப்படும். மழையில் அந்தக் கெழு பாதியாகக் குறைந்தால் தூரம் இரட்டிப்பாகும். நாம் எத்தனை பெரிய டிஸ்க்கைப் பொருத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. இப்போதிருக்கும் பிரேக்கே சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு வலிமை உள்ளதென்றால், பெரிய பிரேக்கால் அந்த ஒரு நிறுத்தத்தில் ஒரு முழம்கூட மிச்சமாகாது. தேய்ந்த டயரில் ஓடிக்கொண்டு பிரேக்குக்காகப் பல்லாயிரம் செலவழிப்பவர், ஓட்டைக் குடத்துக்குப் பொன்மூடி செய்பவரை ஒப்பார்.

அப்படியானால் பெரிய டிஸ்க்கினால் பயனே இல்லையா? உண்டு. அடுத்தடுத்துப் பலமுறை பிரேக் பிடிக்கும்போதுதான் அதன் பயன் தெரியும். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலையிலிருந்தோ, 40 வளைவுகளைக் கொண்ட வால்பாறைச் சாலையிலிருந்தோ முழுப் பாரத்துடன் இறங்கும்போது, சிறிய டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. பெரிய டிஸ்க் அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆயினும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் ஓட்டி என்ஜினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஓட்டுநருக்கு, அந்தப் பயனின் பெரும்பகுதி ஒரு காசும் செலவின்றியே கிடைத்துவிடுகிறது.

மீஸான் எனும் சமநிலை

வானத்தை உயர்த்திய இறைவன் தராசை ஏற்படுத்தியதையும், அந்தத் தராசில் வரம்பு மீறலாகாது என்று எச்சரித்ததையும் சூரா அர்ரஹ்மானில் நாம் ஓதுகிறோம். தராசு என்றால் கடையில் தொங்குவது மட்டும் என்று எண்ணிவிடக்கூடாது. ஒன்றுக்கொன்று அளவாக அமைந்த எல்லாவற்றிலும் அந்த மீஸான் இருக்கிறது. வாகனத்தின் பிரேக் அமைப்பு அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

முதலாவது, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சமநிலை. முன்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி நேராகச் சறுக்கும். பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்பாகம் சுழன்று முன்னே வந்துவிடும். அதனால்தான் பின்சக்கரங்களுக்குச் செல்லும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வை வண்டியைச் செய்தோர் வைக்கிறார்கள். பின்னால் டிரம் இருக்கும் என்று கணக்கிட்டு வைத்த வால்வு, டிஸ்க் வந்தபின் தவறான அளவைக் காட்டும் தராசாகிவிடக்கூடும். புதிய வண்டிகளில் ஏ.பி.எஸ்., இ.பி.டி. ஆகிய மின்னணு அமைப்புகள் இதனை ஓரளவு சரிக்கட்டும். ஆயினும் அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வண்டியோடு பிறந்த பிரேக்கை மனத்தில் கொண்டே அமைக்கப்பட்டது. அத்தகைய அமைப்பே இல்லாத பழைய வண்டியில் சரிக்கட்ட எதுவும் இல்லை.

இரண்டாவது, மிதிக்கும் பிஸ்டனுக்கும் உள்ள சமநிலை. 48 மி.மீ. விட்டமுள்ள கேலிப்பர் பிஸ்டனை எடுத்துவிட்டு 54 மி.மீ. பிஸ்டனைப் பொருத்துவதாகக் கொள்வோம். விட்டத்தில் ஆறு மில்லிமீட்டர்தான் கூடியிருக்கிறது. ஆனால் பரப்பு 27 விழுக்காடு கூடிவிடுகிறது. அதைத் தள்ள அந்த விகிதத்தில் அதிகமான பிரேக் ஆயில் தேவை. மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் மிதி முன்னைவிட ஆழமாக இறங்கும். அவசரத்தில் பாதம் எதிர்பார்த்த இடத்தில் பிடிப்புக் கிடைக்காத அந்தக் கணத்தில் ஓட்டுநர் திகைத்துப்போவார்.

மூன்றாவது, டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் உள்ள இயல்பு வேறுபாடு. டிரம்முக்குள்ளிருக்கும் ஷூ, சுழலும் டிரம்மாலேயே மேலும் இழுக்கப்பட்டு இறுகிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அதிக அழுத்தம் வேண்டும். ஆகவே டிரம் ஜீப்புக்கு டிஸ்க் மாற்றுவோர் பூஸ்டரையும் சேர்த்தே எண்ண வேண்டும். மேலும், டிரம் பிரேக்குக்கான பல மாஸ்டர் சிலிண்டர்களில் குழாயில் சிறிதளவு அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும் ஒரு வால்வு உண்டு. அதை அப்படியே விட்டு டிஸ்க்கைப் பொருத்தினால், மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். உரசல் சூட்டைக் கிளப்பும். சூடு ஆயிலைக் கொதிக்க வைக்கும். கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ்கள் தோன்றினால் மிதி வெறுமையாகத் தரையைத் தொடும்.

இவற்றோடு, ரிம்முக்குள் புதிய கேலிப்பர் இடிக்காமல் சுழலுமா, கைப்பிரேக் கேபிளின் நீளம் சரியாக வருமா, சக்கர வேகத்தை உணரும் சென்சார் பழைய இடத்தில் பொருந்துமா என்பனவும் உண்டு. போல்ட் துளைகள் ஒத்துப்போவதைக் கொண்டு மட்டும் இவற்றுள் எதனையும் அறிய முடியாது. டிஸ்க்கை மட்டும் தனியே கழற்றி வருவதற்கும், அந்த டிஸ்க்கோடு சேர்த்து வகுக்கப்பட்ட தொகுதி முழுவதையும் கொண்டுவருவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கப்பலின் கீழ்த்தட்டில் துளை

"என் வண்டி, என் பணம், என் விருப்பம்" என்பார் சிலர். அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையை நினைவூட்ட விரும்புகிறோம். புகாரியில் பதிவான அந்த ஹதீஸில், ஒரு கப்பலின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் மக்கள் இடம் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தண்ணீருக்காக அடிக்கடி மேலே சென்று பிறருக்குத் தொல்லை தருவதைத் தவிர்க்க, கீழே இருப்போர் தங்கள் பங்கிலேயே ஒரு துளை போட்டுக்கொள்ள நினைக்கிறார்கள். அவர்களது எண்ணத்தில் தீமை இல்லை. பிறருக்குத் தொல்லை தரக்கூடாது என்பதே அவர்களின் நோக்கம். ஆயினும் அவர்களைத் தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவர். தடுத்தால் அனைவரும் பிழைப்பர்.

சாலையும் அத்தகைய ஒரு கப்பல்தான். நம் பங்கில் நாம் போடும் துளை வழியே நீர் புகுவது பிறர் மீதுதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையும், இருள் பிரியாத வேளையில் ஃபஜ்ருக்காகச் சாலையைக் கடக்கும் முதியவரும் நம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் எந்த அளவினது என்று அறியார். வருகிற வண்டி நிற்கும் என்று நம்பியே கால் வைக்கிறார்கள். அவர்கள் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அந்த நம்பிக்கை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக அரசுக் கணக்குச் சொல்கிறது. அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது பிரேக்கின் பழுதன்று. மிதமிஞ்சிய வேகமே அதற்கு முதற்காரணம். ஆயினும் ஓர் உயிரைக் கொல்வது மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாகும் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம், எண்ணிக்கை சிறிதென்று அமைதி கொள்ள முடியுமா?

தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டாலும் மார்க்கம் அதனை வெறும் விபத்து என்று கடந்துவிடுவதில்லை. சூரா அந்நிஸாவின் 92ஆம் வசனம் அதற்கு நஷ்டஈட்டையும், அடிமையை விடுவிக்க இயலாதவருக்கு இடைவிடாத இரண்டு மாத நோன்பையும் விதித்திருக்கிறது. 1993 ஜூனில் புரூனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, மார்க்கத்துக்கு முரண்படாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது கடமை என்றும், பிறருக்கு விளையும் சேதத்துக்கு ஓட்டுநர் பொறுப்பாளி என்றும் முடிவு செய்தது. ஓட்டுநரே பொறுப்பு என்றால், தெரிந்தே அளவு மாறிய பிரேக்கோடு சாலைக்கு வந்தவரின் நிலை என்ன?

நாட்டின் சட்டமும் இங்கே வாய்திறக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தால் வந்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத முறையில் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பதிவுச் சான்றில் பிரேக்கின் வகை எழுதப்படுவதில்லை, எனவே யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. அகப்படாமல் இருப்பது ஒரு முஃமினின் அளவுகோலாக எப்போதும் இருந்ததில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுத் தெளிவதே நேரிய வழி. மறைத்துவிட்டுப் பின்னர் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டால், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குச் சேர வேண்டியதை யார் கொடுப்பது?

விற்போரும் பொருத்துவோரும்

இப்பொறுப்பு வண்டிக்காரரோடு முடிந்துவிடுவதில்லை. பழைய உதிரிபாக வணிகத்தில் நம்மவர்கள் தலைமுறைகளாக ஈடுபட்டுள்ளனர். எறிந்துவிடப்படும் பொருளுக்கு மறுவாழ்வு தரும் நல்ல தொழில் அது. கதவும் கண்ணாடியும் இருக்கையும் பழையதாக இருப்பதால் யாருக்கும் தீங்கில்லை. பிரேக் பாகம் அப்படியன்று.

விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து வந்த டிஸ்க், வெளிப்பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் வளைந்திருக்கலாம். மிகுந்த வெப்பத்தால் மயிரிழை வெடிப்புகள் கண்டிருக்கலாம். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் குறைந்தபட்சத் தடிமன் உண்டு. பெரும்பாலானவற்றில் அது விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவுக்குக் கீழே தேய்ந்ததைக் கடைசல் பட்டறையில் கொடுத்து மெருகேற்றி விற்பது, தேய்ந்ததை மேலும் தேய்த்து விற்பதாகும். கேலிப்பருக்குள் துருப்பிடித்த பிஸ்டனையும் இறுகிப்போன ரப்பர் வளையத்தையும் வெளியே அடிக்கும் பெயின்ட் மறைத்துவிடும்.

சந்தையில் உணவுக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று வினவியதையும், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கடிந்ததையும் நாம் அறிவோம். ஈரமான தானியத்தால் வாங்குபவருக்குச் சிறு நட்டமே. அதற்கே அத்தனை கடுமையென்றால், வெடிப்பு விழுந்த டிஸ்க்கின் குறையை மறைத்து விற்பதை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது? விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டென்றும், மறைத்தால் அது அழிந்துவிடும் என்றும் வாக்களிக்கப்பட்டிருக்கிறது. "இது விபத்து வண்டியின் பாகம், பிரேக்குக்கு இதைத் தரமாட்டேன்" என்று சொல்லி அன்றைய வியாபாரத்தை இழக்கும் கடைக்காரர் உண்மையில் எதையும் இழக்கவில்லை.

மெக்கானிக் சகோதரர்களிடமும் ஒரு சொல். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் விளையும் தீங்குக்குப் பொறுப்பாவார் என்ற நபிமொழி அபூதாவூதில் உள்ளது. அறியாத அமைப்பில் துணிந்து கைவைப்பவருக்கும் அந்த எச்சரிக்கையில் பங்குண்டு என்று நாம் கருதுகிறோம். இருபது ஆண்டு அனுபவத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் "இந்தக் கேலிப்பருக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டர் எதுவென்று எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று கூறும் துணிவும் அனுபவத்தின் ஒரு பகுதிதான்.

இரும்பைத் தாவூத் (அலை) அவர்களுக்கு மென்மையாக்கிக் கொடுத்த இறைவன், போர்க்கவசம் செய்யக் கற்பித்தபோது, அதன் வளையங்களை அளவறிந்து இணைக்குமாறும் சேர்த்தே பணித்தான். உயிரைக் காக்கும் இரும்பில் அளவு தவறலாகாது என்பதை ஒரு நபிக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததென்றால், நமது பட்டறைகளின் சுவரில் எழுதி வைக்கத் தகுந்த பாடம் அதுவே.

முதலில் செய்ய வேண்டியவை

வேறு மாடலின் பாகத்தைத் தேடிப் புறப்படுமுன், உள்ள பிரேக்கை அதன் முழுத் திறனுக்குக் கொண்டுவந்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 3 வகைக்கு இந்த எண்கள் 205, 140 ஆகும். ஆகவேதான் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். வண்டி வாங்கிய நாள் முதல் ஒருமுறையும் மாற்றாதவர் நம்மில் எத்தனை பேர்! சில நூறு ரூபாய் ஆயிலால் தீரக்கூடிய குறைக்குச் சிலர் பல்லாயிரம் ரூபாய் டிஸ்க்கைத் தேடுகிறார்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ மற்றவற்றோடு கலக்கலாகாது என்பதையும் நினைவில் கொள்க.

அடுத்து டயர், பேட், ரப்பர் ஹோஸ், கேலிப்பர் பின்களின் வழவழப்பு, டிரம் ஷூவின் இடைவெளி ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். வண்டி தாங்கும் பாரத்துக்கு மேல் ஏற்றாதிருப்பதும், முன்வண்டிக்கு இடைவெளி விடுவதும் எந்தக் கடையிலும் கிடைக்காத பிரேக்குகள். 100 கி.மீ. வேகத்தில், கண் கண்டு கால் மிதிப்பதற்குள் ஒரு வினாடி கடந்தால் வண்டி 28 மீட்டர் போய்விடும். அந்த 28 மீட்டரை உலகின் எந்த டிஸ்க்கும் மீட்டுத் தராது.

இத்தனையும் செய்த பிறகும் உண்மையான தேவை இருக்குமாயின், உதாரணமாக மலைச்சாலையில் தொழில் செய்பவருக்கோ டிரம் ஜீப் வைத்திருப்பவருக்கோ, பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்குமாறு வேண்டுகிறோம்:

1. சட்டப்படி அனுமதி உண்டா என்பதையும், காப்பீட்டு நிறுவனத்தின் நிலையையும் முதலில் எழுத்தில் பெறுக. அனுமதி இல்லையெனில் அத்தோடு நிறுத்திக்கொள்க.
2. அதே நிறுவனத்தின், இயன்றவரை அதே அடித்தளத்தில் அமைந்த மாடலின் பாகத்தையே தேர்க. டிஸ்க், கேலிப்பர், தாங்கி, ஹோஸ், கேபிள் என முழுத் தொகுதியாகக் கொள்க. மாஸ்டர் சிலிண்டரும் வால்வும் அதற்கு ஏற்றவையா என்பதை எண்களைக் கொண்டு ஒப்பிடுக.
3. தாங்கிகளைப் பழையதாக வாங்கலாம். டிஸ்க், பேட், ஹோஸ், ரப்பர் வளையங்கள் ஆகியவை புதியனவாகவே இருக்கட்டும். சேராத துளையை வெல்டிங் வைத்தும் ராவியும் சேர்க்க வேண்டாம்.
4. பொருத்தியபின், ஆளற்ற திறந்தவெளியில் குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாகச் சோதிக்க. பின்சக்கரம் முதலில் பூட்டுகிறதா என்பதை வறண்ட தரையிலும் ஈரத்தரையிலும் பார்க்க. புதிய பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும்வரை கடுமையாக மிதிக்காதீர்கள்.
5. செய்த மாற்றங்களை எழுதி வண்டியிலேயே வைத்திருங்கள். விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லுங்கள். மறைத்தால் அது குறையை மறைத்து விற்பதேயாகும்.

ஒட்டகத்தைக் கட்டுவோம்

"அல்லாஹ் பாதுகாப்பான்" என்ற சொல் நம் நாவில் எளிதாக வருகிறது. அவன் பாதுகாவலன் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று வினவியவரிடம், முதலில் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. கயிறு அறுந்ததா, முடிச்சு உறுதியானதா என்று பார்ப்பதும் கட்டுவதில் அடங்கும். பின்கண்ணாடியில் துஆவை ஒட்டிவைத்திருக்கும் வண்டியின் முன்சக்கரத்தில் வெடித்த டிஸ்க் சுழலுமானால், அந்த ஒட்டகம் இன்னும் கட்டப்படவில்லை.

நம் ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் குடும்பம் குடும்பமாக மலைகளுக்குப் பயணம் புறப்படுவதற்கு முன், ஊரிலுள்ள தேர்ந்த மெக்கானிக்குகளை ஒருநாள் மஹல்லாவில் கூட்டி, வாகனங்களின் டயரையும் பேட்டையும் ஆயிலையும் இலவசமாகப் பார்த்துத் தர ஏற்பாடு செய்யலாம். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்றவர்கள் நாம். பிடிக்காத பிரேக்கோடு விரையும் வண்டியைவிடத் தொல்லை தரும் பொருள் ஒரு பாதையில் வேறென்ன இருக்க முடியும்?

இனி உதிரிபாகக் கடை வாசலில் நின்று "சேருமா?" என்று கேட்கும்போது, "தகுமா?" என்பதையும் சேர்த்துக் கேட்போம். விற்பவர் அதற்கு அஞ்சி விடை சொல்லட்டும். விடை தெளிவாகக் கிடைக்காதபோது வாங்காமல் திரும்பும் உறுதி நமக்கு வாய்க்கட்டும்.

நம் கைகள் செய்யும் வேலையில் நேர்மையையும், நம் வாகனங்களால் பிறருக்குத் தீங்கு நேராத பாதுகாப்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.